கோல் கை மாறும் இடம்

சென்ற ஆண்டு எங்கள் பள்ளிக்கூடத்து விளையாட்டு விழா நெருங்கிய சமயத்தில் தேகப் பயிற்சி ஆசிரியர் காலைச் சுளுக்கிக்கொண்டு படுத்துவிட்டார். அதன் பலனாக, தொடரோட்டத்துக்குப் பையன்களைத் தயார் செய்யும் பொறுப்பு சரித்திர ஆசிரியனாகிய என் தலையில் வந்து விழுந்தது. கல்லூரி நாட்களில் நான் ஓடியதெல்லாம் பஸ்ஸைப் பிடிப்பதற்காகத்தான் என்பதை நேயர்களிடம் ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஆனாலும், இதில் என்ன பிரமாத வித்தை இருக்கப்போகிறது என்று எண்ணினேன். பள்ளியிலேயே வேகமாக ஓடக்கூடிய நாலு பையன்களைப் பொறுக்கி எடுத்தேன். ஆளுக்கு நூறு மீட்டர் ஓடுங்கள் என்று சொல்லிவிட்டு, விடைத்தாள் திருத்தப் போய்விட்டேன்.

விழா அன்று என் நாலு சிங்கங்களும் தோற்றுப்போயின. இரண்டாமவன் கோலை வாங்குவதற்காக நட்டுவைத்த கம்பம் போல் நின்றான். மூன்றாமவன் வாங்குவதற்கு முன்பே பறந்துவிட்டுத் திரும்பி வந்தான். நாலாமவன் கையிலிருந்து கோல் நழுவி, புழுதியில் உருண்டு, பெற்றோர்கள் உட்கார்ந்திருந்த பந்தலுக்குள் போய்விட்டது. ஜெயித்த பையன்களில் ஒருவனாவது என் பையன்களைத் தனி ஓட்டத்தில் ஜெயித்தது கிடையாது. பிறகு விசாரித்தேன். அவர்கள் ஒரு வாரமாகச் சாயங்காலங்களில் அதிகம் ஓடவே இல்லையாம். கோலைக் கொடுப்பதும் வாங்குவதுமாகவே பொழுதைப் போக்கினார்களாம்!

அன்றிரவு வெட்கத்துடன் உட்கார்ந்து தொடரோட்டத்தின் இலக்கணத்தைப் படித்தேன். படிக்கப் படிக்க, இது விளையாட்டு விஷயம் மட்டுமல்லவென்று தோன்றியது.

2016-ம் ஆண்டு ரியோ ஒலிம்பிக் பந்தயத்தில், நாலு பேர் ஆளுக்கு நூறு மீட்டர் ஓடும் தொடரோட்டத்தில் ஜப்பான் தேசத்தார் இரண்டாவதாக வந்து வெள்ளிப் பதக்கம் பெற்றார்கள். அந்த நால்வரில் ஒருவராவது அதுவரையில் நூறு மீட்டரைப் பத்து விநாடிக்குள் ஓடியவர் அல்லர். ஆகவே அவர்களுடைய தனி நேரங்களைக் கூட்டினால் நாற்பது விநாடிக்கு மேல் ஆக வேண்டும். ஆனால் தொடரோட்டத்தில் அவர்கள் எடுத்துக்கொண்ட நேரம் 37.60 விநாடி! மிச்சம் பிடித்த இரண்டரை விநாடி எங்கிருந்து வந்தது? கோல் கை மாறும் இடத்திலிருந்துதான் வந்தது. வாங்குகிறவன் நின்ற இடத்தில் நின்றுகொண்டு வாங்குவதில்லை. கொடுப்பவன் தரையிலிட்ட ஓர் அடையாளத்தைத் தாண்டியதும் இவன் ஓடத் தொடங்கி, முழு வேகத்தை எட்டிய பிறகு கையைப் பின்னால் நீட்டுகிறான். திரும்பிப் பார்ப்பதே இல்லை. ஜப்பானியர் கோலைக் கீழிருந்து மேலாகக் கொடுக்கும் முறையைக் கைக்கொண்டு, அதையே அலுக்காமல் பழகியவர்கள். அதே பந்தயத்தில் மூன்றாவதாக வந்த அமெரிக்கர்கள், குறித்த எல்லைக்கு முன்பே கோல் கை மாறிவிட்ட காரணத்தால் தள்ளப்பட்டார்கள்.

ஆனால் ஜப்பானியரைத் தெய்வப் பிறவிகளாக்கிவிட வேண்டாம். 2021-ல் சொந்த ஊராகிய டோக்கியோவில் நடந்த இறுதிப் பந்தயத்தில், முதலாமவருடைய கையிலிருந்து இரண்டாமவர் கைக்குக் கோல் போய்ச் சேரவே இல்லை. பழகிய கையும் தவறும்.

விதிகளில் இரண்டு எனக்கு மிகவும் பிடித்திருந்தன. கை மாறுவதற்கென்று முப்பது மீட்டர் நீளமுள்ள ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மாற்றம் அதற்குள் நடந்ததா என்று தீர்மானிக்கும்போது ஓடுகிறவர்களின் காலைப் பார்ப்பதில்லை. கோல் எங்கே இருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறார்கள். இரண்டாவது, கோல் கீழே விழுந்தால் நழுவவிட்டவனேதான் அதை எடுக்க வேண்டும். இந்த விதிகளை எழுதிய புண்ணியவான் ஏதாவதொரு ஆபீஸில் சில காலம் குப்பை கொட்டியவராக இருந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ஆளுக்கு நானூறு மீட்டர் ஓடும் தொடரோட்டத்தில் முறை வேறு. 2023 ஆகஸ்டு மாதம் புடாபெஸ்டு நகரில் நடந்த உலகப் போட்டியில் முகம்மது அனஸ், அமோஜ் ஜேக்கப், முகம்மது அஜ்மல், நம் தமிழ்நாட்டு ராஜேஷ் ரமேஷ் ஆகிய நால்வரும் 2 நிமிஷம் 59.05 விநாடியில் ஓடி ஆசிய சாதனையை ஏற்படுத்தியது பலருக்கு நினைவிருக்கும். அந்தத் தகுதிச் சுற்றில் அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக வந்து, இறுதிப் பந்தயத்தில் ஐந்தாவதாக முடித்தார்கள். கடைசிக் கட்டம் ஓடிய ராஜேஷ் ரமேஷ் ரயில்வேயில் டிக்கட் பரிசோதகராக வேலை பார்த்தவர் என்று அறிந்தபோது, தினமும் ரயிலில் போய்வரும் எனக்குச் சொந்தக்காரர் ஜெயித்தாற்போல் இருந்தது. இந்த நீண்ட ஓட்டத்தில் வாங்குகிறவன் திரும்பி நின்று, வருகிறவனுடைய முகத்தைப் பார்த்துத்தான் வாங்குவான். ஏனென்றால் கொடுக்க வருகிறவன் களைத்துத் தள்ளாடி வருகிறான். அவன் எந்த வேகத்தில் வந்து சேருவான் என்பது அவனுக்கே தெரியாது. களைத்தவன் கொடுக்கும்போது, விழித்திருப்பவன்தான் கண்ணைத் திறந்து பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. விழுப்புரம் ஜங்ஷனே கை மாறும் இடமாக இருந்த ஊர். 1960-களின் மத்தியிலிருந்து தாம்பரத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் மீட்டர் கேஜ் பாதையில் மின்சார எஞ்சின்கள் ஓடின. மின்கம்பி விழுப்புரத்தோடு முடிந்துவிடும். தெற்கே போகும் வண்டிகள் அங்கே வேறு எஞ்சின் பூட்டிக்கொண்டு கிளம்பும். நான் சிறுவனாயிருந்தபோது பிளாட்பாரத்தில் நின்று அதை வேடிக்கை பார்த்திருக்கிறேன். பிரயாணிகள் காப்பிக்கும் தண்ணீருக்கும் இறங்கி ஓடுவார்கள். பழைய எஞ்சின் விலகிப் போகும். புது எஞ்சின் மெதுவாகப் பின்வாங்கி வந்து, 'டக்' என்று ஓர் இடி இடிக்கும். பெட்டியில் தூங்கியவர்கள் எல்லோரும் விழித்துக்கொள்வார்கள். ஒற்றைத் தடங்களிலோ, அந்நாளில் டோக்கன் கையில் இல்லாமல் எஞ்சின் அடுத்த ஸ்டேஷனை நோக்கி ஓர் அடி நகரக் கூடாது. ஓடுகிற வண்டியிலிருந்து வளையத்தைக் கைநீட்டி வாங்கும் அந்தக் காட்சியைக் கண்டவர்களுக்கு ஒலிம்பிக் பந்தயம் எம்மாத்திரம்?

எங்கள் காலை வண்டியில் முண்டியம்பாக்கத்தில் இறங்கும் நர்ஸ் அம்மாள் ஒருவர் உண்டு. அங்கே அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருப்பதை வாசகர்கள் அறிவார்கள். தொடரோட்டத்தில் நான் பட்ட அவமானத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு அவர் சொன்னார்: "எங்க வேலையில ராத்திரி டியூட்டி முடியற அந்தப் பத்து நிமிஷந்தான் சார் கஷ்டம். ஊசி போட்டாச்சான்னு ஒருத்தருக்குத் தெரியும், இன்னொருத்தருக்குத் தெரியாது."

அவருக்கு நான் லண்டனில் நடந்த ஒரு விஷயத்தைச் சொன்னேன். கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் என்ற பிரசித்தமான குழந்தைகள் ஆஸ்பத்திரியில், இருதய அறுவை சிகிச்சை முடிந்த குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோகும்போது குளறுபடிகள் நேர்ந்துகொண்டிருந்தன. குழாய்களையும் கருவிகளையும் கழற்றி வேறிடத்தில் மாட்ட வேண்டும். அதே சமயத்தில் குழந்தையின் நிலையையும் வாயால் சொல்ல வேண்டும். அங்கிருந்த டாக்டர்கள் ஒருநாள் தொலைக்காட்சியில் பார்முலா ஒன் மோட்டார் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நிற்கும் காருக்குப் பல பேர் சேர்ந்து சில விநாடிகளில் சக்கரம் மாற்றிவிடுவதைக் கண்டு வியந்து, பெராரி கம்பெனியின் பந்தயக் குழுவாரிடம் யோசனை கேட்டார்கள். மோட்டார்க்காரர்கள் கண்டுபிடித்தது என்ன? யார் தலைவர் என்பது ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. எல்லோரும் ஒரே சமயத்தில் பேசுகிறார்கள். அதன்பின் யார் எங்கே நிற்பது, எதை முதலில் செய்வது, எப்போது பேசுவது என்று வரையறுத்தார்கள். முதலில் கருவிகளை மாட்டி முடிப்பது, பிறகுதான் பேச்சு. 2007-ல் வெளியான அறிக்கையின்படி, ஒரு மாற்றத்துக்குச் சராசரி ஐந்துக்கு மேலிருந்த தொழில்நுட்பத் தவறுகள் மூன்று சொச்சமாகக் குறைந்தன. சொல்ல மறந்த தகவல்கள் இரண்டிலிருந்து ஏறக்குறைய ஒன்றாகக் குறைந்தன. இத்தனைக்கும் நேரம் கூடவில்லை. ஒரு நிமிஷத்துக்கு மேல் மிச்சமாயிற்று.

நர்ஸ் அம்மாள், "எல்லாரும் ஒண்ணா பேசறதுன்னீங்களே, அது சரி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். எனக்கு மட்டும் மனம் சமாதானப்படவில்லை. காரணம், நான் நழுவவிட்ட கோல் ஒன்று உண்டு.

விழுப்புரத்துக்கு மாற்றலாவதற்கு முன் நான் வேறொரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பை வைத்திருந்தேன். அங்கே ஒரு பையன். எழுத்துக்கள் அவன் கண்ணில் இடம் மாறிக் குழம்பும். ஒரு வரியை வாசிக்க ஒரு யுகம் ஆகும். மற்றவர்கள் அவனை மந்தம் என்று தீர்த்துவிட்டார்கள். தற்செயலாக ஒருநாள் அவனுக்குப் பாடத்தை உரக்க வாசித்துக் காட்டினேன். கேட்டதை அப்படியே திருப்பிச் சொன்னான். அதோடு நிற்காமல், நான் எதிர்பாராத கேள்வி ஒன்றும் கேட்டான். அது முதல் மத்தியான இடைவேளைகளில் நான் வாசிப்பது, அவன் கேட்பது, முதலில் வாயால் விடை சொல்வது, பிறகு மெதுவாக எழுதுவது என்று ஒரு வழக்கம் ஏற்பட்டது. அது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த ஏற்பாடு.

மாற்றல் உத்தரவு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. பொறுப்பை ஒப்படைப்பதில் நான் எந்தக் குறையும் வைக்கவில்லை. சாவிக்கொத்து, வருகைப் பதிவேடு, மதிப்பெண் பதிவேடு, தேசப்படங்கள் ஆறு, கால் உடைந்த பூகோள உருண்டை ஒன்று என்று ஜாபிதா எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டோம். அந்த ஜாபிதாவில் பையன் இல்லை.

எனக்குப் பின் வந்தவர் நல்ல ஆசிரியர். என்னைவிடக் கெட்டிக்காரர் என்றுகூடச் சொல்வேன். ஐம்பது, அறுபது பையன்கள் நிறைந்த வகுப்பில் அவருக்கு இவன் சோம்பேறியாகத்தான் தோன்றியிருப்பான். எழுந்து நின்று வாசிக்கச் சொல்லியிருக்கிறார். வகுப்பு சிரித்திருக்கிறது. அரைப் பரீட்சை விடுமுறைக்குப் பிறகு அவன் பள்ளிக்கு வரவில்லை.

மறு வருஷம் நிலக்கடலை வரத்து மும்முரமாயிருந்த சமயத்தில், திண்டிவனத்தில் மூட்டை ஏற்றும் லாரி ஒன்றின் பக்கத்தில் அவனைக் கண்டேன். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டு, "சார்" என்றான். கோபம் இருந்தால் தேவலை, மரியாதையாகவே பேசினான். "நீங்க போனது எனக்குத் தெரியாது சார். திங்கக்கெழம வந்தேன், வேற சார் இருந்தாரு. நீங்க லீவுன்னு நெனச்சி, சாப்பாட்டு மணிக்கு ஒரு வாரம் அங்கயே ஒக்காந்திருந்தேன்."

அந்த ஒரு வாரத்தை நான் எந்தக் கணக்கில் எழுதுவது? நேயர்களே, வாங்குகிறவருக்குச் சொல்லவில்லை என்பது ஒரு தவறு. பையனுக்கே சொல்லாமல் போனது அதைவிடப் பெரிய தவறு. அது அன்றுவரையில் எனக்கு உறைக்கவே இல்லை. உத்தரவு வந்தவுடன் என் காலைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எந்த வண்டி, எந்தத் தேதியில் சேருவது, எந்தத் தேதியிலிருந்து சம்பளம்!

அன்று மாலையே அந்த ஆசிரியரைத் தேடிப் போனேன். அவர் என்மேல் சீறி விழுந்திருந்தால் சுகமாயிருந்திருக்கும். "ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைத்திருந்தால் போதுமே, சார்" என்று மட்டும் சொல்லி, சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போதெல்லாம் வருஷக் கடைசியில், கேட்கிறவர் இல்லாவிட்டாலும், பையன் ஒவ்வொருவனுக்கும் இரண்டு வரி எழுதி வைக்கிறேன். 'இவனுக்கு இடது காது மந்தம்; முன் வரிசையில் வைக்கவும்.' 'இவன் வெள்ளிக்கிழமை வராவிட்டால் சந்தைக்குப் போயிருப்பான், வைய வேண்டாம்.' சகாக்களில் சிலர் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஒருவர் இரவல் வாங்கிக்கொண்டு போய், தம் வகுப்புக்கும் எழுத ஆரம்பித்திருக்கிறார்.

பையன் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதுவதற்குச் சம்மதித்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில், லாரி வேலை இல்லாத மத்தியானங்களில், அந்த ஆசிரியர் ஒரு வாரமும் நான் ஒரு வாரமுமாக அவனுக்கு வாசித்துக் காட்டுகிறோம். எது வரையில் வாசித்தோம் என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து அவனிடமே கொடுத்திருக்கிறோம். சென்ற வாரம் என்னுடைய முறை. முதல் உலக யுத்தம் பாதியில் நிற்கிறது.