தன்விவரக் குறிப்பில் பிறப்பு எதற்கு? உழைப்பு எங்கே?

கோடை விடுமுறை உள்ளகப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் பருவம் வந்ததும் கல்லூரிகளில் ஒரே அறிவுரை சுற்றிவருகிறது. தன்விவரக் குறிப்பு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது, செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும், எண்கள் இடம்பெற வேண்டும், எழுத்துப்பிழை கூடாது. இவற்றில் எதுவும் தவறில்லை. ஆனால், எழுதத்தக்க செய்திகள் மாணவரிடம் ஏற்கெனவே பெயரோடும் சான்றிதழோடும் ஆயத்தமாக இருக்கின்றன என்று இந்த அறிவுரை எடுத்துக்கொள்கிறது. கோடிங் போட்டி, மாதிரி ஐ.நா. அவை, உறவினர் நிறுவனத்தில் ஒரு மாதப் பயிற்சி போன்றவை சில வீடுகளில் எளிதாகக் கிடைக்கின்றன. தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவி செய்த வேலைகளுக்கு யாரும் சான்றிதழ் தந்ததில்லை. அவளுடைய குறிப்பு அரைப் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. மீதி அரைப் பக்கத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்று அவளுக்குச் சொல்லித்தர ஆளில்லை.

இடுக்கி மாவட்டம் சின்னக்கானல் ஊராட்சியைச் சேர்ந்த சூரியநெல்லியை எடுத்துக்கொள்ளலாம். தேயிலையும் ஏலமும் விளையும் ஊர். தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் பெரும்பாலானவை தலைமுறைகளாகத் தமிழ் பேசுபவை. வீட்டில் தமிழ், அரசு அலுவலகத்தில் மலையாளம், கல்லூரியில் ஆங்கிலம் என மூன்று மொழிகளுக்கிடையே பிள்ளைகள் வளர்கிறார்கள். கொழுக்குமலைக்குச் செல்லும் ஜீப்புகள் இங்கிருந்துதான் புறப்படுகின்றன. மலை தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் இருக்கிறது, பாதை கேரளத்தின் வழியாகப் போகிறது. யானைகளும் இந்த நிலத்தின் குடிகளே. 2023 ஏப்ரல் 29 அன்று சின்னக்கானலில் பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன், பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்டு, ஒரு மாதத்துக்குள் கம்பம் நகரத் தெருக்களில் நடந்ததை இரு மாநிலங்களும் பார்த்தன.

இந்த ஊரில் வளர்ந்து இளங்கலை படிக்கும் ஒரு மாணவியின் தன்விவரக் குறிப்பு வழக்கமாக எப்படி இருக்கும்? தந்தை பெயர், தந்தை தொழில், மதம், வகுப்பு, திருமணமானவரா என்ற விவரம், எஸ்டேட், டிவிஷன், லயத்து எண் வரை முழு முகவரி, பத்தாம் வகுப்பு முதலான மதிப்பெண்கள், ‘கடின உழைப்பாளி, விரைவாகக் கற்பவர்’ என்ற வரி, பொழுதுபோக்காகப் புத்தக வாசிப்பும் இசையும், கடைசியில் ‘மேற்கண்டவை அனைத்தும் உண்மை’ என்ற உறுதிமொழி. தட்டச்சு நிலையங்களிலிருந்து கணினி மையங்களுக்குக் கைமாறி வந்த பழைய பயோடேட்டா வடிவம் இது. அவள் எங்கே, யாருக்குப் பிறந்தாள் என்பதை அது விரிவாகச் சொல்கிறது. அவளால் என்ன செய்ய முடியும் என்பதைப் பற்றி ஒரு வரிகூட அதில் இல்லை.

பிறப்பு விவரங்கள் வெறும் இடத்தை அடைப்பவை என்று ஒதுக்கிவிட முடியாது; அவை தீங்கும் செய்யக்கூடும். சுக்தேவ் தோரட்டும் பால் அட்டவெலும் 2007இல் ‘எக்கனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி’யில் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பலரும் அறிந்தது. செய்தித்தாளில் விளம்பரமான தனியார் வேலைகளுக்கு, ஒத்த தகுதிகளுடன் பெயர் மட்டும் மாறுபட்ட விண்ணப்பங்களை அவர்கள் அனுப்பினார்கள். அழைப்பு கிடைப்பதற்கான சாத்திய விகிதம், உயர்சாதி இந்துப் பெயர்களோடு ஒப்பிடுகையில், தலித் பெயர்களுக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகவும் முஸ்லிம் பெயர்களுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகவும் இருந்தது. பெயரே இவ்வளவு செய்யும் என்றால், தந்தை தொழிலும் லயத்து எண்ணும் என்ன செய்யும் என்பதை ஊகிக்கலாம்.

உள்ளகப் பயிற்சிக்கு இன்னும் நெருக்கமான சான்று லாரன் ரிவேரா, ஆண்ட்ராஸ் டில்சிக் ஆகியோர் 2016இல் ‘அமெரிக்கன் சோஷியலாஜிக்கல் ரிவியூ’வில் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவின் முன்னணிச் சட்ட நிறுவனங்களின் 316 அலுவலகங்களுக்குக் கோடைப் பயிற்சிக்கான கற்பனை விண்ணப்பங்கள் போயின. படிப்பும் மதிப்பெண்ணும் வேலை அனுபவமும் ஒன்றே. சிலவற்றில் பாய்மரப் படகு, போலோ, செவ்வியல் இசை. மற்றவற்றில் ஓட்டப் பந்தயம், நாட்டுப்புற இசை. ஒரு குறிப்பில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு வழிகாட்டியவர் என்று இருந்தது. இன்னொன்றில் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் படிக்க வந்த மாணவர்களுக்கு வழிகாட்டியவர் என்று இருந்தது. மேல்தட்டு அடையாளங்கள் கொண்ட ஆண்களில் 16 விழுக்காட்டினருக்கு அழைப்பு வந்தது. மற்ற மூன்று பிரிவினருக்கும் அதைவிட மிகக் குறைவாகவே வந்தது. மேல்தட்டு அடையாளம் பெண்களுக்கு உதவவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு.

இந்தச் சான்றுகளின் முன்னால் மாணவர்கள் இரண்டு பக்கமாகச் சாய்கிறார்கள். ஒரு சாரார் இல்லாததை எழுதுகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் வார்ப்பை எடுத்து, ‘தலைமைப் பண்பு’, ‘குழு மனப்பான்மை’, ‘முடிவுகளை நோக்கிய அணுகுமுறை’ என்று செயற்கை நுண்ணறிவுச் செயலி தரும் சொற்களை அடுக்குகிறார்கள். நூறு குறிப்புகளைப் படிப்பவருக்கு அது நூற்றோராவது. நேர்முகத்தில் ஒரு கேள்விக்குக்கூட அது தாங்காது. இன்னொரு சாரார், நல்லெண்ணம் கொண்ட ஆசிரியர்களின் தூண்டுதலால், வறுமையை எழுதுகிறார்கள்: ‘தேயிலை பறிக்கும் தாயின் மகளாகிய நான்…’ இது இரக்கத்தைக் கோருகிறது, திறமையைக் காட்டுவதில்லை. கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தில் குடும்ப நிலைக்குரிய கட்டம் இருக்கிறது. அங்கே அதை முழுமையாகச் சொல்ல வேண்டும். தன்விவரக் குறிப்பு அதற்கான இடம் அன்று.

செய்யத்தக்க மூன்றாவது வேலை ஒன்று உண்டு. பிறப்பைச் சொல்லும் வரிகளை நீக்கி, உழைப்பைச் சொல்லும் வரிகளை எழுதுவது. முகவரிக்கு ஊர்ப்பெயரும் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் போதும். விடுபட்ட இடத்தில் எவை வரலாம் என்பதற்குச் சூரியநெல்லியிலேயே மாதிரிகள் உள்ளன.

வணிகவியல் படிக்கும் மாணவி தன் லயத்துக் குடும்பங்களின் சம்பளச் சீட்டைப் படித்துச் சொல்பவளாக இருக்கலாம். அன்றாடக் கொழுந்து எடை, பிடித்தம், வருங்கால வைப்பு நிதி ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தவள் ஊதியப் பதிவேட்டைச் சரிபார்க்கத் தெரிந்தவள். ‘பன்னிரண்டு குடும்பங்களின் மாத ஊதியச் சீட்டுகளை அன்றாட எடைக் குறிப்புகளுடன் ஒப்பிட்டுச் சரிபார்த்தல், இரண்டு ஆண்டுகள்’ என்று எழுதினால் கணக்காயர் அலுவலகம் அதைப் புரிந்துகொள்ளும். எண் அவளுடைய உண்மையான எண்ணாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

அக்ஷயா மையத்தில் முதியவர்களின் ஓய்வூதிய விண்ணப்பங்களை மலையாளத்தில் நிரப்பி, தமிழில் விளக்கிச் சொல்பவள் மொழிபெயர்ப்பாளர். ‘மொழிகள்: தமிழ், மலையாளம், ஆங்கிலம்’ என்ற வரி இதைச் சொல்வதில்லை, எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு, எவ்வகை ஆவணங்கள் என்பதே சொல்லும். ஏலக்காயை உலர்த்தித் தரம் பிரித்த தாவரவியல் மாணவருக்கு அறுவடைக்குப் பிந்தைய நுட்பம் கைப்பழக்கமாகத் தெரியும். யானை நடமாட்டத்தைக் கைபேசியில் ஊருக்கு எச்சரித்தவர் களத்தகவல் திரட்டியவர். வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் குறுஞ்செய்தியையும் எச்சரிக்கை விளக்குகளையும் கொண்டு உருவாக்கிய யானைத் தகவல் முறை, உள்ளூர் மக்களின் இத்தகைய அறிவோடு சேர்ந்தே இயங்குகிறது. விலங்கியல் மாணவர் ஒருவர் தேதி, நேரம், இடம், எண்ணிக்கை என்று ஒரு நோட்டில் குறித்துவைத்தால், அடுத்த ஆண்டு அவரிடம் ஒரு தரவுத்தொகுப்பு இருக்கும்.

இதற்கு மூன்று மறுப்புகள் எழும். முதலாவது, கொச்சியில் மென்பொருள் பயிற்சிக்கு விண்ணப்பிப்பவருக்கு ஏலக்காய் எதற்கு என்பது. தேவையில்லைதான். விண்ணப்பிக்கும் பணிக்குத் தொடர்புள்ளதே முன்னால் வர வேண்டும். அவர் எழுதிய நிரலும் அதைப் பார்க்கக்கூடிய இணைப்பும் முதலிடம் பெறட்டும். ஊதியச் சீட்டுகளை அவர் விரிதாளில் ஏற்றியிருந்தால், அது அங்கேயும் பொருந்தும்.

இரண்டாவது மறுப்பு கடினமானது. வீட்டு உழைப்பையும் அண்டைவீட்டாருக்குச் செய்த உதவியையும் சந்தைக்குரிய ‘திறன்’ ஆக்குவது சரியா? இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அண்டைவீட்டாருக்கான உதவி வசதியானவர்களின் குறிப்பில் ‘சமூக சேவை’ என்ற தலைப்பில் நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. லயத்துப் பெண்ணிடம் மட்டும் அதை எழுதாதே என்று சொல்வது நெறியாகாது. எதை எழுதுவது, எதைத் தன்னோடு வைத்துக்கொள்வது என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

மூன்றாவது மறுப்பு, இந்த வரிகளும் அவளுடைய வர்க்கத்தைக் காட்டிவிடும் என்பது. கொழுந்து எடை என்ற சொல்லே போதும். ரிவேரா, டில்சிக் காட்டிய ஆபத்து இதனால் முற்றிலும் நீங்காது. ஒரு பக்கத் தாளைத் திருத்துவதால் தேர்ந்தெடுப்பவரின் பார்வையைத் திருத்திவிட முடியாது. ஆகவே பொறுப்பின் பெரும்பகுதி மாணவியிடம் இல்லை; கல்லூரிகளிடமும் பயிற்சி தரும் நிறுவனங்களிடமும் இருக்கிறது.

கேரளத்தில் 2024 ஜூலை 1 அன்று நான்காண்டு இளங்கலைப் படிப்பு தொடங்கியது. உள்ளகப் பயிற்சி அதன் பாடத்திட்டத்தில் ஓர் அங்கம். பல்கலைக்கழக மானியக் குழுவின் வழிகாட்டுதல் நான்காம் பருவத்துக்குப் பின் 60 முதல் 120 மணிநேரப் பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. விருப்பமாக இருந்தது கடமையாகும்போது, அதற்குச் செல்லும் வழியையும் கல்லூரியே கற்பிக்க வேண்டும். நகரத்தில் தங்கும் செலவைத் தாங்க முடியாதவர்களுக்கு அருகிலேயே இடம் தேட வேண்டும். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் ஆராய்ச்சி நிறுவனம் இதே இடுக்கி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இருக்கிறது. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் பாம்பாடும்பாறையில் இருக்கிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் உள்ளகப் பயிற்சித் திட்டம் தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய் தந்தது. ஆனால் தொடக்க விதிகளின்படி முழுநேரமாகப் படித்துக்கொண்டிருப்பவர்கள் அதில் சேர முடியாதிருந்தது. இத்தகைய விதிகளைத் தெரியாமல் காத்திருந்து பருவத்தைத் தவறவிடும் மாணவர்கள் இருக்கக் கூடாது. மூன்று அறிவியல் கழகங்கள் இணைந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுத் திட்டம் உதவித்தொகையுடன் இரண்டு மாதம் ஆய்வகத்தில் பணியாற்ற வாய்ப்பளிக்கிறது; அதற்கு ஆசிரியரின் பரிந்துரை தேவை.

அந்தப் பரிந்துரைதான் ஆசிரியர்கள் உடனே திருத்தக்கூடிய தாள். ‘ஒழுக்கமானவர், பணிவானவர்’ என்று எழுதும் கடிதம் மாணவியின் அரைப் பக்கத்தை நிரப்புவதில்லை. அவள் சரிபார்த்த ஊதியச் சீட்டுகளையும் மொழிபெயர்த்த விண்ணப்பங்களையும் ஆசிரியர் நேரில் கேட்டறிந்து, தம் கையொப்பத்துடன் எழுதினால், சான்றிதழ் இல்லாத வேலைக்கு முதல் சான்று கிடைக்கிறது. அதற்கு ஒரு மாணவிக்கு அரைமணி நேரம் போதும். நவம்பரில், விண்ணப்பங்கள் திறந்திருக்கும்போதே, அந்த அரைமணி நேரம் ஒதுக்கப்பட வேண்டும்.