பட்டாசு விலைப்பட்டியலுக்கு எந்த லைப்ரரி?

விஸ்வநத்தம், சிவகாசிப் பக்கத்துப் பட்டாசுக் கடைகளின் இணையப் பக்கங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நீளமான ஒரு விலைப்பட்டியல், ஒவ்வொரு வரியிலும் எண்ணிக்கை போட ஒரு கட்டம், கடைசியில் மொத்தம். 80% தள்ளுபடி என்று கொட்டை எழுத்தில் வேறு இருக்கும் (விலையை ஏற்றிவிட்டுத் தள்ளுவது ஊரறிந்த ரகசியம், அதை விடுங்கள்). 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இணையத்தில் பட்டாசு விற்கத் தடை போட்ட பிறகு, பல பக்கங்கள் ‘ஆர்டர்’ என்று சொல்வதில்லை, ‘எஸ்டிமேட்’ என்கின்றன. அதைப் பார்த்துக் கடைக்காரர் போன் செய்வார். ஆக, அந்த மொத்தத் தொகையை நம்பித்தான் பேச்சே தொடங்குகிறது.

இப்படி ஒரு பக்கம் செய்யக் கிளம்பும் மாணவர்கள் கேட்பது, “எந்த லைப்ரரி லேட்டஸ்ட்?” கேட்க வேண்டியது அதுவல்ல.

எக்செல்லில் ஒரு கட்டத்தை மாற்றினால் அதை நம்பியிருக்கும் கட்டங்கள் தாமாக மாறுகின்றன அல்லவா? ஃபங்ஷனல் ரியாக்டிவ் புரோகிராமிங், சுருக்கமாக எஃப்.ஆர்.பி., ஏறக்குறைய அதே வித்தைதான். 1997-இல் கோனல் எலியட்டும் பால் ஹூடாக்கும் ‘ஃபிரான்’ என்ற பெயரில் ஹாஸ்கெல் மொழியில் இதைத் தொடங்கி வைத்தார்கள்.

ஆனால் எல்லா லைப்ரரியும் எக்செல் மாதிரி ஒழுங்கு கிடையாது! ஒரு வாடிக்கையாளரின் பட்டியல் 10,000 ரூபாய், தள்ளுபடி 8,000, கட்ட வேண்டியது 2,000. இன்னும் 5,000 ரூபாய்க்குச் சரக்கு சேர்க்கிறார். பட்டியல் 15,000 ஆகிவிட்டது, தள்ளுபடி இன்னும் பழைய 8,000-லேயே நிற்கிறது. அந்த ஒரு நொடியின் துணுக்கில் தொகை 7,000! அப்புறம்தான் சரியான 3,000. இதற்கு ‘கிளிட்ச்’ என்று பெயர். திரையில் மின்னி மறைந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். தொகை மாறும்போதெல்லாம் கடைக்காரருக்குச் செய்தி போகும்படி எழுதியிருந்தால்? 7,000 என்று ஒன்று, 3,000 என்று ஒன்று. எதை நம்பிப் பெட்டி கட்டுவது?

ஆர்.எக்ஸ்.ஜே.எஸ்ஸின் ‘கம்பைன்லேட்டஸ்ட்’டில் இந்தச் சிக்கல் உண்டு. ஹாஸ்கெல்காரர்களின் ரியாக்டிவ்-பனானா, ரிஃப்ளெக்ஸ் இரண்டிலும் கிடையாது. ஜாவாஸ்கிரிப்டில் மாப்எக்ஸ், சாலிட் போன்றவையும் பார்த்துக்கொள்கின்றன. கறாரான எஃப்.ஆர்.பி. ஆட்கள் இவற்றைத் தங்கள் சாதியிலேயே சேர்க்க மாட்டார்கள், அது வேறு சண்டை.

இன்னொன்று, ஆயுள். எல்ம் மொழி எஃப்.ஆர்.பி.யை நம்பிப் பிறந்தது, 2012-இல் எவான் சாப்லிக்கியின் ஆய்வேடாக. 2016-இல் 0.17 பதிப்பில் அவரே ‘சிக்னல்’களைத் தூக்கிவிட்டார். கற்றுக்கொள்ள எளிதாயிற்று என்பது அவர் பக்க நியாயம், அது உண்மையும்கூட. ஆனாலும் பழைய நிரல்களை வைத்திருந்தவர்கள் மாற்றி எழுத வேண்டியதாயிற்று.

பட்டாசுக் கடைக்கு உயிரே தீபாவளிக்கு முந்தைய சில வாரங்கள்தான். எழுதிக் கொடுத்த மாணவர் அதற்குள் சென்னையிலோ பெங்களூரிலோ வேலையில் இருப்பார். திருத்தப் போவது அடுத்த வருட மாணவர். ரிஃப்ளெக்ஸ் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஹாஸ்கெல் தெரிந்த ஆளைச் சிவகாசியில் அக்டோபரில் தேடுவது யார்? விலைப்பட்டியலுக்கு மாப்எக்ஸ் போதும். பக்கத்தின் மேலே வாணம் வெடித்துச் சிதறுகிற அனிமேஷனும் வேண்டும் என்று கடைக்காரர் பிடிவாதம் பிடித்தால் மட்டும், நேரத்தையே ஒரு மதிப்பாக எடுத்துக்கொண்ட ஃபிரான் வழியைப் புரட்டிப் பார்க்கலாம்.