ஆபரேஷன் அன்று காலை பீட்டா பிளாக்கரா?

ஆஸ்துமா உள்ளவருக்கு ப்ரோப்ரனலால் ஆகாது. நாடித்துடிப்பு ஏற்கெனவே மிகக் குறைவாக உள்ளவருக்கு எந்த பீட்டா பிளாக்கரும் ஆகாது. இதெல்லாம் மாத்திரையோடு வரும் துண்டுச் சீட்டிலேயே இருக்கிறது, அதில் யாருக்கும் சண்டையில்லை. சண்டை வேறு இடத்தில். இதுவரை இந்த மாத்திரையைத் தொட்டே பார்க்காத ஒருவருக்கு, ஆபரேஷன் அன்று காலையில் திடீரென்று கொடுக்கலாமா?

கூடாது. ஆனால் கொடுக்கலாம் என்று நம்பியவர்கள் ஏராளம். அவர்கள் சொன்ன காரணமும் கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆபரேஷன் நேரத்தில் இதயம் படபடவென்று அடிக்கும், அதனால் மாரடைப்பு வரலாம். துடிப்பை முன்கூட்டியே அடக்கி வைத்தால் ஆள் தப்பிப்பார் அல்லவா?

2008ல் வந்த பாய்ஸ் ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. 23 நாடுகள், 8351 நோயாளிகள். இதயம் அல்லாத வேறு ஆபரேஷனுக்கு வந்தவர்கள். பாதிப் பேருக்கு சில மணி நேரம் முன்பு 100 மில்லிகிராம் மெட்டோப்ரோலால், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. மாரடைப்பு உண்மையிலேயே குறைந்தது: 239 பேருக்குப் பதில் 176 பேர். அதோடு பேப்பரை மூடி வைத்திருந்தால் வெற்றி விழா கொண்டாடியிருக்கலாம்! ஆனால் இறந்தவர்கள்? வெற்று மாத்திரைக் குழுவில் 97, மருந்துக் குழுவில் 129. பக்கவாதம் 19லிருந்து 41. வரவை மட்டும் காட்டிச் செலவை மறைத்தால் அது கணக்கே இல்லை என்று பி.காம். முதல் வருடத்திலேயே சொல்லித் தருகிறார்கள்.

ஏன் இப்படி? ரத்தம் போகும்போதும் கிருமித்தொற்று வரும்போதும் இதயம் வேகமாக அடித்துத்தான் ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். மருந்து அந்த வேகத்தைத்தான் கட்டிப்போடுகிறது. அழுத்தம் விழுகிறது, மூளைக்கு ரத்தம் போதவில்லை.

"பாய்ஸில் டோஸ் அதிகம், குறைந்த அளவில் முன்னதாகவே தொடங்கினால் நல்லது" என்று வாதிட்டவர்கள் உண்டு. அவர்கள் பெரிதும் சாய்ந்து நின்ற தூண், நெதர்லாந்தின் ராட்டர்டாமில் டான் போல்டர்மான்ஸ் குழு நடத்திய டெக்ரீஸ் ஆய்வுகள். 1999ல் வந்த முதல் ஆய்வில் இருந்தவர்கள் மொத்தமே 112 பேர். 2011ல் எராஸ்மஸ் மருத்துவ மையம், ஆய்வு நெறிகளை மீறியதாகச் சொல்லி அவரைப் பணிநீக்கம் செய்தது. வேண்டுமென்று செய்யவில்லை என்றார் அவர். இதில் கொடுமை என்னவென்றால், 2009ல் இந்த மருந்தை ஆதரித்து ஐரோப்பிய இதயவியல் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலின் குழுத் தலைவரும் அவரே! தேர்வு எழுதியவரே விடைத்தாளும் திருத்தினால் எப்படி இருக்கும்? அந்த ஆய்வுகளை ஒதுக்கிவிட்டு, லண்டன் இம்பீரியல் கல்லூரியினர் 2013ல் மற்ற ஆய்வுகளை மட்டும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். 30 நாளுக்குள் மரணம் 27 சதவீதம் கூடுதல் என்று வந்தது.

ஆபரேஷன் அன்று தொடங்கவே கூடாது என்று 2014ல் அமெரிக்க வழிகாட்டுதல் எழுதியது. பணிநீக்கத்துக்கும் அதற்கும் இடையில் மூன்று வருடங்கள்!

ஏற்கெனவே பீட்டா பிளாக்கர் சாப்பிட்டு வருபவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினாலும் நெஞ்சுவலி, மாரடைப்பு வரலாம். அவர்களுக்கு ஆபரேஷன் அன்றும் தொடர்ந்து கொடுப்பதுதான் முறை. அட்மிஷன் போடும்போதே சாப்பிடுகிற மாத்திரைகளின் பெயரை எழுதி மயக்க மருந்து டாக்டரிடம் கொடுத்துவிட வேண்டும்.