கண்மாய்க் கரையில் நடந்து காட்டட்டும்

முட்டிக்கு மேலே காலை இழந்தவரின் வீட்டுக்குச் செயற்கைக் கால் வருவதற்கு முன்பே ஒரு வீடியோ வந்துவிடுகிறது. சொந்தக்காரர் யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார். முகம் பார்க்கலாம் போலிருக்கும் தரை, அரைக்கால் சட்டை போட்ட இளைஞர் சரிவில் விறுவிறுவென்று இறங்குகிறார், பின்னணியில் இசை. ‘இயற்கைக் கால் போலவே’, ‘உங்கள் நடையைப் புரிந்துகொள்ளும் முட்டி’, ‘செயற்கை நுண்ணறிவு’ என்று எழுத்துகள் ஓடுகின்றன. விலை மட்டும் ஓடாது. அதற்கு நேரில் வரச் சொல்வார்கள்.

ஆலங்குடியிலோ அறந்தாங்கியிலோ இந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் குடும்பம், இருக்கும் காணியை விற்கலாமா என்று யோசிக்கத் தொடங்குகிறது. அந்த யோசனைக்கு முன் சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். கேட்கும் பொறுப்பை அந்தக் குடும்பத்தின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது.

வீடியோவில் வரும் இந்த மின்னணு மூட்டு செய்யும் வேலை என்ன? சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். துளையை விரலால் அடைத்தால் கைப்பிடி இறங்க மறுக்கும். விரலைத் தளர்த்தினால் இறங்கும். மின்னணு முட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது எண்ணெய் நிரம்பிய அப்படியொரு சிறு உருளை. விரலின் வேலையைச் சில்லு பார்க்கிறது. முட்டி எவ்வளவு மடங்கியிருக்கிறது, காலில் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்பதை உணரிகள் ஒவ்வொரு வினாடியும் பல முறை அளந்து சொல்ல, வால்வு திறக்கிறது அல்லது மூடுகிறது. மூளையிலிருந்து அதற்கு ஒரு செய்தியும் போவதில்லை. மாடிப்படியில் அது ஆளைத் தூக்கிவிடாது. ஏறுவதற்கான பலம் இடுப்பிலிருந்தும் மற்றக் காலிலிருந்தும்தான் வர வேண்டும். மோட்டார் வைத்துத் தள்ளிவிடும் மூட்டு வேறு இனம், அதன் எடையும் விலையும் வேறு. ‘உங்கள் எண்ணத்தை அறிந்து நடக்கும்’ என்று யாராவது சொன்னால் அவருக்குப் பொருள் தெரியவில்லை. அல்லது தெரிந்தே சொல்கிறார்.

மின்னணு முட்டியே வேண்டாம் என்பது நம் கட்சியல்ல. பிரிட்டனின் பிளாட்ச்ஃபோர்டு நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஜெர்மனியின் ஓட்டோபாக் 1997-இல் ‘சி-லெக்’ மூட்டை அறிமுகம் செய்தது. அன்று தொடங்கி நடந்த ஆய்வுகளில் ஒரு நன்மை ஓரளவு உறுதியாகவே தெரிகிறது: தடுமாறுவதும் விழுவதும் குறைகிறது. சாதாரண மூட்டில், மடங்கிய நிலையில் பாரத்தைப் போட்டுவிட்டால் பட்டென்று மடிந்து ஆள் கீழே கிடப்பார். சில்லு வைத்த மூட்டு அந்த நொடியில் இறுகிப் பிடித்துக்கொள்கிறது. சரிவில் இறங்கவும் நம்பிக்கை தருகிறது. இது சிறிய விஷயமில்லை. விழுந்துவிடுவோம் என்ற பயத்திலேயே வீட்டுத் திண்ணையைத் தாண்டாதவர்கள் நம் ஊர்களில் எத்தனையோ பேர்.

ஆனால் ‘களைப்பே தெரியாது’ என்ற பேச்சுக்கு அப்படிப்பட்ட ஆதாரம் இல்லை. நடக்கச் செலவாகும் சக்தி குறைகிறதா என்று பார்த்த ஆய்வுகள் இப்படியும் அப்படியும் முடிவு சொல்கின்றன. பல ஆய்வுகளில் கலந்துகொண்டவர்கள் மிகச் சிலர். சிலவற்றுக்குப் பணம் தந்தது இத்துறையே. இந்த மூட்டுகள் போட்ட காசுக்குத் தகும் என்று அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அறிக்கைக்குச் செலவு செய்தது அந்நாட்டின் செயற்கை உறுப்புத் துறையினர் சங்கம். பணம் கொடுத்ததாலேயே அறிக்கை பொய்யாகிவிடாது. கொடுத்தது யார் என்பதையும் வாங்குபவருக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவே.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு, காலை இழந்தவர்களை நடக்கும் திறனை வைத்து 0 முதல் 4 வரை பிரிக்கிறது. நன்றாக நடக்கக்கூடிய 3, 4 நிலைக்காரர்களுக்கே பல ஆண்டுகள் மின்னணு முட்டிக்குப் பணம் கிடைத்தது. வெளியே ஓரளவுக்கு மட்டும் நடக்கும் 2-ஆம் நிலைக்காரர்களுக்கும் நிபந்தனையோடு தரலாம் என்ற முடிவு 2024 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. இந்த மூட்டு ஓட்டக்காரருக்கு மட்டுமான பொருள் இல்லை என்பதை இவ்வளவு காலம் கழித்து ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சர்க்கரை நோயால் காலை எடுத்து, விழுந்துவிடுவோமோ என்று பயந்து நடக்கும் அறுபது வயதுக்காரருக்கும் இது உதவலாம். அவரை எந்த விளம்பரத்திலாவது பார்த்திருக்கிறோமா?

செயற்கைக் கால் என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவர் நடனக் கலைஞர் சுதா சந்திரன். 1981-இல் திருச்சி அருகே விபத்து, பிறகு ஜெய்ப்பூர் கால், மீண்டும் மேடை. அவர் மன உறுதிக்கு ஈடில்லை. ஆனால் அவர் இழந்தது முட்டிக்குக் கீழேதான், முட்டி அவருடையது. முட்டியே போனவரிடம் ‘அவரே ஆடினாரே, நீ நடக்க மாட்டாயா’ என்று ஆறுதல் சொல்பவர்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒருவரின் ஒரு நாள் எப்படிப்பட்டது? செம்மண் சரளைப் பாதை. ஒருபக்கம் சரிந்த கண்மாய்க் கரை. ஓட்டுநர் அவசரப்படுத்தும் டவுன் பஸ்ஸின் உயரமான முதல் படி. குந்தி உட்காரும் கழிப்பறை, பந்தியில் சம்மணம். 1991-இல் அறிவொளி இயக்கத்தில் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் கற்ற மாவட்டம் இது. ‘சைக்கிள் ஓட்டலாமா’ என்பது இங்கே ஆடம்பரக் கேள்வி கிடையாது. சம்மணம் போடச் சில்லு உதவாது. மூட்டுக்கு மேலே மாட்டும் சுழல் இணைப்பு வேண்டும், அது தனி விலை. ‘தண்ணீர் படலாம்’ என்ற ஒரு வார்த்தைக்குள் குளத்துத் தண்ணீரும் கடல் தண்ணீரும் ஒன்றாகிவிடா. ஜெகதாப்பட்டினத்து மீனவருக்கு அந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விற்பது மோசடிக்குப் பக்கத்தில் நிற்கிறது.

எல்லாவற்றுக்கும் மேல் சாக்கெட். தொடையின் மிச்சப் பகுதி உள்ளே போய் உட்காரும் அந்தக் கூடுதான் காலின் உயிர். சித்திரை வெயிலில் பத்து நிமிடம் நடந்ததும் சிலிக்கோன் உறைக்குள் வியர்வை நசநசவென்று சேர்கிறது. கூடு லேசாக வழுக்கித் திரும்புகிறது. பாதம் வெளிப்பக்கம் பார்க்கிறது. ஓரமாக உட்கார்ந்து, கழற்றி, துண்டால் துடைத்து, மறுபடி மாட்ட வேண்டும். உரசிய இடம் புண்ணாகிவிட்டால் ஒரு வாரத்துக்குக் கால் மூலையில்தான். கூடு சரியில்லாத இடத்தில் லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய முட்டியும் ஒன்றுதான், சாதா முட்டியும் ஒன்றுதான். வீடியோவில் யாரும் வியர்ப்பதே இல்லை.

விலைக்கு வருவோம். இறக்குமதியாகும் மின்னணு முட்டிகள் 10 லட்சம் முதல் 60 லட்சம் ரூபாய் வரை என்று 2022 செப்டம்பரில் சொன்னது இஸ்ரோ. தான் உருவாக்கிவரும் மூட்டு விற்பனைக்கு வரும்போது 4, 5 லட்சம் ஆகலாம் என்றது. எடை சுமார் 1.6 கிலோ. சோதனையில் காலை இழந்த ஒருவர் சிறு துணையோடு நடைக்கூடத்தில் சுமார் 100 மீட்டர் நடந்தார் என்றும், எடையையும் அளவையும் இன்னும் குறைக்க வேண்டும் என்றும் மறைக்காமல் சொன்னது. நாம் கேட்பது இந்த நேர்மையைத்தான்: எங்கே, எவ்வளவு தூரம், யாருடைய துணையோடு. ஆனால் இதை எழுதும் நம்மைப் போன்ற பத்திரிகைகள் சிப், பேட்டரி என்று கேட்டதுமே ‘ரோபோ கால்’ என்று தலைப்புப் போட்டுவிடுகிறோம். குற்றத்தில் நமக்கும் பங்குண்டு.

இதற்கிடையே, சில்லே இல்லாத நல்ல மூட்டுகளும் இருக்கின்றன. சென்னை ஐஐடி, பெங்களூரின் மொபிலிட்டி இந்தியாவுடன் சேர்ந்து உருவாக்கிய ‘கதம்’ 2022-இல் வெளிவந்தது. ஜெய்ப்பூர் கால் வழங்கும் அமைப்போடு ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் உருவாக்கிய முட்டி 2009-இலேயே உலகப் பத்திரிகைகளில் பேசப்பட்டது. தயாரிப்புச் செலவு 20 டாலர் அளவில். பலருக்கு இவையே போதும். யாருக்குப் போதும், யாருக்குப் போதாது என்று சொல்ல வேண்டியவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவுபெற்ற நிபுணர். கமிஷன் வாங்கும் விற்பனைப் பிரதிநிதிக்கு அந்த வேலை இல்லை.

முட்டி வாங்கியதோடு செலவு முடிவதுமில்லை. பேட்டரிக்குத் தினமும் சார்ஜ், உத்தரவாதக் காலம் முடிந்தபின் பழுதுபார்ப்பு, சில ஆண்டுகளில் புதுக் கூடு, பிறகு புது மூட்டு. சாலை விபத்து இழப்பீட்டில் செயற்கைக் காலை மாற்றும் செலவையும் பராமரிப்பையும் சேர்க்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றமே 2022-இல் ஒரு வழக்கில் ஏற்றுக்கொண்டது. நீதிமன்றம் போட்ட அந்தக் கணக்கை விற்பனையாளரும் எழுத்தில் போட்டுக்கொடுக்க வேண்டும்: பத்து ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு, பழுதானால் எந்த ஊருக்குப் போக வேண்டும், சரிசெய்யும் நாள்களில் மாற்று மூட்டு தருவீர்களா?

சட்டம் கையில் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையும், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். விற்ற ஊருக்கு அலைய வேண்டியதில்லை. ‘இயற்கைக் கால் போலவே’ என்ற வாசகத்துக்கு ஆதாரம் காட்டுங்கள் என்று மத்திய ஆணையம் தானாகவே ஒருமுறை கேட்டுவிட்டால், பாதி வீடியோக்கள் காணாமல் போகும்.

மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. அதன் வளாகத்தில் ஒரு சோதனைப் பாதை போட எவ்வளவு செலவாகிவிடும்? கொஞ்சம் சரளை, கொஞ்சம் மணல், கண்மாய்க் கரை அளவுக்கு ஒரு சரிவு, பழைய பஸ்ஸின் படிக்கட்டு ஒன்று. மின்னணு முட்டி விற்க வருகிறவர், வாங்கப்போகிறவருக்கே மாட்டி அதில் நடக்கவைத்துக் காட்டட்டும். அரசு வாங்கித் தருவதானாலும் டெண்டரில் இதை நிபந்தனையாக்கலாம். பிறகு நான்கு வாரம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பட்டும். பிடிக்காவிட்டால் திருப்பி வாங்கிக்கொள்ளட்டும். அந்த நான்கு வாரத்தில் ஒரு மழை பெய்தால் இன்னும் நல்லது.