பலகை நட்டால் பொறுப்பு தீர்ந்துவிடுமா?

ஏப்ரல் பிறந்ததும் வேலூரிலும் வாணியம்பாடியிலும் வெயில் சதமடிக்கத் தொடங்கிவிடுகிறது. பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொண்டால், ஆலங்காயத்திலிருந்து காவலூருக்கு ஏறும் மலைச்சாலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. பிரியாணி டேக்சாவை ஏற்றிய வேன், மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்த பைக், பிள்ளைகள் தலையை வெளியே நீட்டிய கார். வைணு பாப்பு வானாய்வகத்தைக் கடந்து ஜமுனாமரத்தூர் போய், பீமன் நீர்வீழ்ச்சியிலோ வழியில் தென்படும் ஏதாவதொரு கானாற்றிலோ உடம்பை நனைத்துவிட்டு, இருட்டுவதற்குள் மலையிறங்க வேண்டும். கடலே இல்லாத மாவட்டத்து மக்களுக்கு இந்தத் தண்ணீர்தான் கடற்கரை. வருடம் முழுக்க உழைக்கும் குடும்பம் கோடையில் ஒருநாள் தண்ணீரில் கால் நனைப்பதைத் தவறென்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

நம் குற்றச்சாட்டு ஆட்சி நிர்வாகத்தின் மீது. இந்த மக்களை வாருங்கள் என்று அழைத்ததே அரசுதான். ஜவ்வாது மலையில் கோடை விழா நடத்துவது அரசு. கோமுட்டேரியில் படகு விடுவதையும் பீமன் நீர்வீழ்ச்சியையும் ஆண்டியப்பனூர் அணையையும் சுற்றுலா இடங்களென்று பட்டியல் போட்டு விளம்பரம் செய்வதும் அரசு. விழா மேடைக்குப் பந்தலும் ஒலிபெருக்கியும் தவறாமல் வருகின்றன. வந்தவர்கள் தண்ணீரில் இறங்குகிற இடத்தில்தான் அரசு காணாமல் போய்விடுகிறது. தமிழகத்தின் உள்நாட்டு நீர்நிலைகளில் பெரும்பாலானவற்றின் கரையில் நம்மை வரவேற்பது ஒரு துருப்பிடித்த பலகை. 'ஆழமான பகுதி, குளிக்கத் தடை, மீறினால் நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற பொருளில் அதில் ஏதோ எழுதியிருக்கும். எது ஆழம், எவ்வளவு ஆழம், எதுவரை இறங்கலாம் என்று அது சொல்லாது. உயிர் போனால் வழக்கிலிருந்து தப்பிக்க நட்ட பலகை அது. உயிரைக் காப்பதற்காக நட்டதாக இருந்தால் பக்கத்திலேயே ஒரு கயிறாவது தொங்கியிருக்கும்.

மக்கள் ஏன் வழுக்குப் பாறைகளைத் தேடி மலையேறுகிறார்கள் என்பதையும் கேட்டாக வேண்டும். அவர்கள் வீட்டு வாசலிலேயே ஓர் ஆறு இருந்தது. பாலாற்றின் 348 கிலோமீட்டரில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் ஓடுகிறது. வெள்ளை மணலில் கையால் ஊற்று பறித்துத் தண்ணீர் குடித்த தலைமுறை வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த ஆற்றில் தோல் ஆலைக் கழிவு கலந்ததை 1996இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பெழுத வேண்டியிருந்தது. கழிவு கெடுத்தது போக மிச்சமிருந்த மணலையும் லாரிகள் அள்ளின. 2003 முதல் தமிழகத்தில் மணல் குவாரிகளை நடத்தும் பொறுப்பை அரசே ஏற்றது. ஆற்றைக் குளிக்க லாயக்கற்றதாக்கிவிட்டு, மலைக்குப் போனால் ஜாக்கிரதை என்று பலகை நடுகிறார்கள்.

மணல் அள்ளிய பள்ளம் எப்படிக் கொல்கிறது என்பதை அதிகாரிகள் ஒருமுறை நேரில் நின்று பார்க்க வேண்டும். இயற்கையான ஆற்றுப் படுகை சரிந்து சரிந்து ஆழமாகும். முழங்கால், இடுப்பு, மார்பு என்று தண்ணீரே எச்சரித்துக்கொண்டு வரும். பொக்லைன் தோண்டிய குழியில் அந்த எச்சரிக்கை கிடையாது. முழங்கால் அளவுத் தண்ணீரில் நடக்கும் பிள்ளை அடுத்த எட்டு வைத்ததும் இரண்டு ஆள் ஆழத்துக்குள் போய்விடும். மேலே ஏறக் குழியின் விளிம்பில் கை வைத்தால், ஈர மணல் சரிந்து கையோடு வரும். மேலிருந்து பார்ப்பவருக்குத் தண்ணீர் ஒரே மட்டமாக, சாதுவாகத் தெரியும். வண்டல் அள்ளிவிட்டுச் சமன் செய்யாமல் விட்ட ஏரிக்குழிகளும் இப்படித்தான். ஒருவர் மூழ்கியதும் காப்பாற்றப் போகிறவர், அவரைப் பிடிக்கப் போகிறவர் என்று ஒரு குடும்பமே அதில் போய்விடுகிறது.

இது கற்பனைப் பயமல்ல. 2022 ஜூன் 5 அன்று கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பம் அருகே கெடிலம் ஆற்றில், தடுப்பணையை ஒட்டித் தேங்கிய தண்ணீரில் குளிக்கப் போன சிறுமிகளும் இளம்பெண்களுமாக ஏழு பேர் ஒரே நேரத்தில் இறந்தார்கள். 2023 பிப்ரவரி 15 அன்று, விளையாட்டுப் போட்டிக்குப் போன புதுக்கோட்டை மாவட்டம் பிலிப்பட்டி அரசுப் பள்ளி மாணவிகள் நால்வர் மாயனூர் அருகே காவிரியில் மூழ்கினார்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரெனப் பாய்ந்த காட்டாற்று வெள்ளம் பதினேழு வயதுப் பையனைக் கொண்டுபோனது. ஒவ்வொரு முறையும் இரங்கல் அறிக்கையும் நிவாரணத் தொகையும் வந்தன. ஓரிருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டதும் உண்டு. பள்ளத்தை மூடும் வேலைதான் மாநிலம் தழுவிய பணியாக இன்றுவரை மாறவில்லை. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் நீரில் மூழ்கி இறந்தவர்கள் 38 ஆயிரத்துக்கும் மேல் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது.

கடற்கரைக்கு ஒரு நியாயம், உள்நாட்டுக்கு ஒரு நியாயமா? சென்னையை அடுத்த கோவளம் கடற்கரை 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. நீரின் தரத்தைத் தொடர்ந்து சோதித்து அறிவிப்பதும், உயிர்காப்பாளர்களும், கழிப்பறையும், முதலுதவியும் அந்தச் சான்றுக்கான நிபந்தனைகள். நீலக்கொடி கடலுக்கு மட்டும் உரியதென்று யாரும் எழுதிவைக்கவில்லை. ஐரோப்பாவில் ஏரிக்கரைகளும் அதைப் பெறுகின்றன. அங்கே குளிக்கும் இடமென்று அறிவித்த ஏரியிலும் ஆற்றிலும் கோடை முழுக்கக் கிருமி அளவைச் சோதித்துப் பொதுமக்களுக்குச் சொல்வது சட்டக் கடமை. நம்மிடமும் அளவுகோல் இல்லாமலில்லை. குளிக்கும் நீரில் நூறு மில்லிக்கு மலக்கிருமி 2,500ஐத் தாண்டக்கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே வகுத்திருக்கிறது. அந்த எண்ணைக் கரையில் எழுதிவைத்த ஏரி நம் மாவட்டங்களில் எது? ஆட்சியர் அலுவலகம் ஒன்றைக் காட்டட்டும், நாம் பாராட்டி எழுதுகிறோம்.

பணமில்லை, தொழில்நுட்பமில்லை என்ற பதிலை காவலூர் மலையில் நின்றுகொண்டு யாரும் சொல்லக்கூடாது. 1977 மார்ச்சில் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் கண்ட தொலைநோக்கிகளில் ஒன்று இந்த ஊரின் ஒரு மீட்டர் தொலைநோக்கி. அத்தனை தொலைவில் இருப்பதை அளந்தவர்களின் மலையில், அருவி விழும் மடுவின் ஆழத்தை அளந்து பாறையில் பெயின்ட்டால் எழுத முடியாதா? ஒரு மூங்கிலும் ஒரு கயிறும் போதும்.

முடியாததற்குக் காரணம் வேறு. இடம் வனத்துறையுடையது, அணை நீர்வளத் துறையுடையது, நுழைவுச்சீட்டும் வண்டி நிறுத்தமும் இன்னொருவர் கையில், விளம்பரம் சுற்றுலாத் துறையுடையது. காவலூர் திருப்பத்தூர் மாவட்டம், ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டம். ஒரே மலைச்சாலையில் போகும் குடும்பம் எல்லை தாண்டியதும் கேட்பாரற்றுப் போகிறது. கட்டணம் வாங்கும்போது எல்லோரும் உரிமையாளர்கள். பிணம் மிதந்தால் அது அடுத்த துறையின் எல்லை. இந்தத் தட்டிக்கழிப்பை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

குளிக்கப் போகிறவர்களில் சிலருக்கும் சொல்ல வேண்டும். அருவிப் பாறையில் உட்கார்ந்து குடித்துவிட்டு பாட்டிலை அங்கேயே உடைக்கிறவன், அடுத்த வாரம் வரும் குழந்தையின் காலைக் கிழிக்கிறான். அந்தத் தண்ணீரைக் கீழே குடிநீராக நம்பியிருக்கும் மலைக்கிராம மக்களுக்கும் துரோகம் செய்கிறான். நீலகிரியில் காலி மதுபாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் என்ற ஏற்பாடு 2022 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவால் வந்தது. அதே கண்டிப்பு ஜவ்வாது மலையிலும் அடிவாரக் கடைகளிலும் நடைமுறையில் இருந்தாக வேண்டும். பெண்கள் உடைமாற்றப் புடவையை மறைப்பாகப் பிடித்து நிற்கும் அவமானத்துக்கு மட்டும் அரசைத் தவிர வேறு யாரும் காரணமில்லை.

என்ன செய்ய வேண்டும் என்பதில் குழப்பமே கிடையாது. குளிக்கத் தகுந்த இடம் எது, தகாத இடம் எது என்று பிரித்து அறிவியுங்கள். தகுந்த இடத்தில் ஆழத்தைக் குறித்து, மிதவைக் கயிறு கட்டி, நீந்தத் தெரிந்த மலைவாழ் இளைஞர்களுக்கு முறையான பயிற்சி கொடுத்து, மாதச் சம்பளத்தில் உயிர்காப்பாளராக அமர்த்துங்கள். தண்ணீரையும் பாறையையும் அவர்களைவிட அறிந்தவர் யார்? கரையில் லாரி டியூபும் நீண்ட மூங்கிலும் எப்போதும் இருக்கட்டும். மூழ்குகிறவரை நோக்கிக் குதிக்காமல் அவற்றை நீட்டினாலே பாதி உயிர் பிழைக்கும். மேலே மழை பெய்தால் கீழே சங்கு ஊத வேண்டும். மணலோ வண்டலோ அள்ளியவர், குழியைச் சரிவாகச் சமன் செய்த பிறகுதான் வைப்புத்தொகையைத் திரும்பப் பெற வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பதைப் பாடவேளையாக்குங்கள். நீரில் மூழ்கி இறப்பதைத் தடுக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வழிகளில் முதன்மையானவற்றுள் அதுவும் ஒன்று.

திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர்கள் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து, ஜவ்வாது மலையிலும் அடிவாரத்திலும் மக்கள் குளிக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் பொறுப்பான ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும். அவருடைய பெயரும் பதவியும் தொலைபேசி எண்ணும் அந்தக் கரையிலேயே எழுதப்பட வேண்டும். அடுத்த கோடை விழாவின் அழைப்பிதழ் அச்சாகும் முன் இது நடந்தாக வேண்டும். அதுவரை சுற்றுலாப் பட்டியலிலிருந்து அந்த இடங்களின் பெயரை எடுத்துவிடுங்கள்.