பழைய டிஸ்க் சட்டென்று எழுந்தால் பயப்படுங்கள்

ஜொகூர் பாருவிலிருந்து வடக்கே காரில் போனால், கூலாய் தாண்டியதும் செடெனாக் வரும். மலேசியாவின் பெரிய டேட்டா சென்டர்கள் சில அங்கேதான் எழும்பியிருக்கின்றன. அங்கே ஒரு டிஸ்க் கெட்டால் திரையில் எச்சரிக்கை வரும். வேலையாள் புது டிஸ்க்கோடு வருவார். வாடிக்கையாளருக்குத் தெரியக்கூடத் தெரியாது. நம் கடைவீடுகளில் சர்வர் இருக்கும் இடமோ மாடிப்படிக்குக் கீழே. பக்கத்தில் துடைப்பம், மேலே போன வருடக் காலண்டர். டிஸ்க் கெட்டால் ஒரு சின்ன ஆரஞ்சு விளக்கு எரியும். அதை யார் குனிந்து பார்ப்பது?

அந்த சர்வருக்குள் பெரும்பாலும் இரண்டு மூன்று 'மெய்நிகர் கணினிகள்' ஓடும். ஒரே இயந்திரத்துக்குள் மென்பொருளால் உருவாக்கிய தனித்தனிக் கணினிகள். ஒன்றில் கணக்கு மென்பொருள், ஒன்றில் ஃபைல்கள். அவற்றுக்கென்று சொந்தமாக ஹார்ட் டிஸ்க் கிடையாது. நிஜ டிஸ்க்கில் கிடக்கும் ஒரு பெரிய ஃபைலைத்தான் அவை தங்கள் டிஸ்க் என்று நம்பிக்கொண்டிருக்கும். கீழே நிஜ டிஸ்க்கில் நகக்கண் அளவு இடம் கெட்டாலும், மேலே ஒரு முழுக் கணினியே எழாமல் போகலாம்.

பாசிர் கூடாங்கில் ஒரு சின்னப் பகிர்த்துறை அலுவலகம். கப்பல் சரக்குக்குக் கஸ்டம்ஸ் வேலை செய்து கொடுப்பவர்கள். மதியம் இடி இடித்து கரண்டு டிரிப் ஆனது. யுபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்திருந்தது. மறுபடி போட்டபோது கணக்கு வைத்திருந்த மெய்நிகர் கணினி எழவில்லை. வருமான வரிச் சட்டப்படி கணக்குகளை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அவர்களின் 7 ஆண்டும் அதற்குள்தான்.

சர்வரில் ஒன்றுக்கொன்று கண்ணாடி போல இரண்டு டிஸ்க்குகள். ரெய்டு 1 என்பார்கள். ஒரே கணக்கை இரண்டு நோட்டில் எழுதுவது மாதிரி. அங்கே வேலை பார்க்கும் தம்பி கெட்டிக்காரர். ஒரு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் வைத்துப் பார்த்தார். கணினி சட்டென்று எழுந்தது! முதலாளிக்கு உயிர் வந்தது. கணக்கர் அக்காதான் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, கடைசி பில் பிப்ரவரியில நிக்குது." அப்போது செப்டம்பர்.

விஷயம் இதுதான். பிப்ரவரியில் அந்த டிஸ்க் ஏதோ இணைப்புக் கோளாறால் ஜோடியிலிருந்து கழன்றுகொண்டது. ஆரஞ்சு விளக்கு எரிந்தது. மற்றது மட்டும் ஏழு மாதம் தனியாக எழுதிக்கொண்டே வந்து, அதுவும் தேயத் தொடங்கியிருக்கிறது. எழுந்தது பழையது, எழாமல் கிடப்பதில்தான் புதுக் கணக்கு.

தம்பி எனக்கு அழைத்தபோது இரண்டு டிஸ்க்கும் மறுபடி உள்ளே இருந்தன. திரையில் கேள்வி நின்றது. "அண்ணே, ரீபில்ட் அடிக்கவா?"

"அடிக்காதே தம்பி. முதல்ல கரண்டை நிறுத்து."

ரீபில்ட் என்றால் ஒன்றைப் பார்த்து மற்றதில் அப்படியே எழுதுவது. எதைப் பார்த்து எதில் எழுதும் என்பதில் சர்வருக்கும் அவருக்கும் கருத்து வேறுபட்டால் போதும், ஏழு மாதத்தின் மேல் பிப்ரவரி ஏறி உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு எந்த நிபுணராலும் மீட்க முடியாது. என் அனுபவத்தில், கெட்ட டிஸ்க் தின்ற தரவைவிட, நல்ல எண்ணத்தோடு அழுத்திய பொத்தான்கள் தின்றது அதிகம். 'செக்டிஸ்க்' ஓட்டுவதும் அந்த ரகம். அதற்குத் தரவைப் பற்றிக் கவலையில்லை. டிஸ்க்கின் பட்டியல் ஒழுங்காக இருந்தால் சரி. ஒழுங்குபடுத்துகிறேன் என்று ஃபைலையே வெட்டிவிடும்.

முதல் வேலை நகலெடுப்பது. ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அந்தோனியோ தியாஸ் தியாஸ் எழுதியது. சாதாரண நகல் மென்பொருள் கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். இது நல்ல இடங்களை முதலில் வாரிக்கொள்ளும், கெட்டதைத் தாண்டிப் போகும், கடைசியில் திரும்பி வந்து மிச்சத்தைச் சுரண்டும். எதைப் படித்தது, எதை விட்டது என்று குறிப்பும் எழுதிக்கொள்ளும். நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நல்ல 1 டெராபைட் டிஸ்க் என்றால் மூன்று மணி நேரம். அன்று விடிய விடிய ஓடியது. கடைசிவரை படிக்க முடியாமல் நின்றது 400 கிலோபைட்டுக்கும் குறைவு. 1 டெராபைட் என்பது நூறு கோடி கிலோபைட்.

இனி எந்தச் சோதனையும் நகலின் மேல்தான். அதற்குள்ளும் ஒரு பொறி காத்திருந்தது. மெய்நிகர் கணினியின் டிஸ்க் ஒரு ஃபைலாக இல்லாமல் இரண்டாக இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன், மென்பொருளைப் புதுப்பிக்கும்முன் யாரோ 'செக்பாயிண்ட்' எடுத்திருக்கிறார்கள். வேறு மென்பொருள்களில் ஸ்னாப்ஷாட் என்பது இதைத்தான். அதை எடுத்த நிமிடத்தில் மூல ஃபைல் உறைந்துவிடும். அதன்பின் எழுதுவதெல்லாம் பக்கத்தில் இன்னொரு ஃபைலுக்குப் போகும். வேலை முடிந்ததும் அழித்தால் இரண்டும் ஒன்றாகும். அவர்கள் அழிக்க மறந்துவிட்டார்கள். மூல ஃபைலை மட்டும் போட்டால் கணினி அழகாக எழும், இரண்டு வருடப் பழைய கணக்கோடு. எழுந்த மறுகணமே உள்ளே எழுதவும் தொடங்கும். அப்புறம் இரண்டு ஃபைலும் ஒன்றோடொன்று ஒட்டாது. செக்பாயிண்டைப் பேக்கப் என்று நம்புகிறவர்கள் நம்மிடையே நிறைய. அது மூல ஃபைலையே சாய்ந்து நிற்பது. மூலம் போனால் அதுவும் போச்சு.

நகலின் நகலில் இரண்டையும் சேர்த்தோம். அப்போதும் கணினி எழவில்லை. கெட்ட இடங்களில் சில விண்டோஸின் சொந்த ஃபைல்களில் விழுந்திருந்தன. தம்பியின் முகம் வாடிவிட்டது. ஆனால் நமக்கு வேண்டியது கணினி இல்லையே, கணக்குத்தானே. அந்த டிஸ்க்கை வேறொரு மெய்நிகர் கணினிக்கு இரண்டாவது டிஸ்க்காகக் கொடுத்துத் திறந்தோம். கணக்கு ஃபோல்டர் முழுசாக இருந்தது.

ஃபைல் திறந்தது என்பதால் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அக்கா அச்சடித்து வைத்திருந்த பில் கட்டையும் வங்கி அறிக்கைகளையும் எடுத்துவந்து மாதம் மாதமாகக் கூட்டுத்தொகை பார்த்தார். ஆகஸ்ட் வரை பொருந்தியது. செப்டம்பரில் ஒன்பது பில்கள் இல்லை. உட்கார்ந்து தட்டிவிட்டார்.

எல்லா டிஸ்க்கும் இப்படி வழிக்கு வராது. 'டக் டக்' என்று சத்தம் வந்தால் டிடிரெஸ்க்யூவும் வேண்டாம். உடனே நிறுத்திவிட்டு, டிஸ்க்கைத் திறந்து வேலை பார்க்கும் தூசியில்லா அறை வைத்திருப்பவர்களிடம் கொடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் உயிர் வரும் என்ற கதை இன்னும் சுற்றுகிறது. நம் ஊர் ஈரப்பதத்தில் வெளியே எடுத்ததும் வியர்த்துக் கொட்டும். வெள்ளத்தில் நனைந்தது என்றால் கரண்டு கொடுக்கவே கூடாது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி இரண்டு முறை மூழ்கியது. 2023 மார்ச்சில் செகாமட்டும் பத்து பகாட்டும். டிஸ்க்கை வெயிலில் காயவைப்பது தப்பு. சேறு உள்ளேயே காய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடு பையில் கட்டி அப்படியே அனுப்ப வேண்டும்.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். 2017 ஜனவரி 31-ஆம் தேதி, கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் சுமார் 300 கிகாபைட் தரவை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால், அது பல நாளாக எடுக்கப்படவே இல்லை. எச்சரிக்கை மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காகத் தற்செயலாக எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அதுவும் பழையதுதான். ஆனால் எத்தனை மணி பழையது என்று அவர்களுக்குத் தெரியும். எதை இழக்கிறோம் என்று உலகத்துக்கே சொல்லிவிட்டு அதைப் போட்டார்கள். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜோன் அரசு டேட்டா சென்டர் எரிந்தபோது, அரசு ஊழியர்களின் 858 டெராபைட்டுக்கு அப்படி ஒரு நகல்கூட இல்லை.

பாசிர் கூடாங்கில் இப்போது வெளியே கழற்றக்கூடிய இரண்டு டிஸ்க்குகள். ஒன்று சர்வரில் இருக்கும்போது மற்றது முதலாளி வீட்டில். வெள்ளிக்கிழமை இடம் மாறும். யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி போட்டாயிற்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேக்கப்பை வேறொரு கணினியில் திறந்து, கடைசி பில்லின் தேதி என்ன என்று அக்கா பார்க்கிறார். அரை மணி நேர வேலை.