88 வோல்ட் என்னும் பொய்

அக்கரைப்பற்றிலிருந்து மருதமுனை வரை பிரதான வீதியோரம் உள்ள ஹாட்வெயார் கடைகளில் ஏதேனும் ஒன்றினுள் நுழைந்து பாருங்கள். சீமெந்து மூடைகளையும் பெயின்ற் வாளிகளையும் தாண்டினால், கண்ணாடி அலுமாரிக்குள் பற்றரி ட்ரில் மெசின்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். ஒன்றில் 21 வோல்ட் என்று எழுதியிருக்கும், அடுத்ததில் 48, அதற்கடுத்ததில் 88. 128 என்று பொறிக்கப்பட்டதையும் என் கண்ணால் கண்டிருக்கிறேன். உருவத்தில் எல்லாம் ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகள். இலக்கம் ஏறுவதற்கேற்ப விலை மட்டும் ஏறுகிறது.

இதனை வியாபாரத் தந்திரம் என்று மென்மையாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. இது அப்பட்டமான பொய். பள்ளிக்கூடக் கணக்கே இதனை அம்பலப்படுத்தப் போதுமானது.

இம்மெசின்களின் பற்றரிக்குள் இருப்பவை லித்தியம் அயன் கலங்கள். இத்தகைய கலமொன்றின் சராசரி அழுத்தம் 3.6 வோல்ட், முழுமையாக ஏற்றினால் 4.2 வோல்ட். ஐந்து கலங்களைத் தொடராக இணைத்தால் சராசரி 18, உச்சம் 21. சந்தையிலுள்ள வீட்டுப் பாவனை மெசின்களிற் பெரும்பாலானவை இந்த ஐந்து கல வகையைச் சேர்ந்தவையே. உச்ச அழுத்தத்தை வைத்துக் கணக்கிட்டாலும் 48 வோல்ட்டுக்குப் பன்னிரண்டு கலங்கள் வேண்டும், 88 வோல்ட்டுக்கு இருபத்தொன்று, 128க்கு முப்பத்தொன்று. ஒரு கலம் 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் கொண்டது, ஏறத்தாழ 45 கிராம் எடையுள்ளது. அப்படியானால் 88 வோல்ட் பற்றரியில் கலங்கள் மட்டுமே ஒரு கிலோவை எட்டிவிடும். கடைக்காரர் உங்கள் உள்ளங்கையில் வைக்கும் அந்தச் சிறு பெட்டிக்குள் இருபத்தொரு கலங்கள் எங்ஙனம் குடியிருக்கும்?

அயலவர் ஒருவர் கடந்த நோன்புப் பெருநாளுக்கு முன்னர், திரைச்சீலைக் கம்பிகளைப் பூட்டுவதற்கென்று 88 வோல்ட் மெசின் ஒன்றை வாங்கி வந்தார். ஜன்னலுக்கு மேலிருந்த கொங்கிறீட் லின்ரலில் இரண்டு துளை போடுவதற்குள் அது மூச்சு வாங்கி நின்றுவிட்டது. வீட்டு வேலைக்கு வந்திருந்த ஓடாவி பற்றரியின் நான்கு ஆணிகளையும் கழற்றி மூடியைத் திறந்தார். உள்ளே ஐந்தே ஐந்து கலங்கள். மல்டிமீற்றரை வைத்துப் பார்த்தபோது இருபதுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது. “எல்லாம் இந்தக் கணக்குத்தான் காக்கா, ஸ்டிக்கர் மட்டும்தான் வேற வேற” என்றார் ஓடாவி, சற்றும் வியப்பின்றி. எனக்கு ஆத்திரத்தை ஊட்டியது அந்த வியப்பின்மைதான். தொழில் செய்கிறவனுக்குத் தெரியும்; விற்கிறவனுக்கும் தெரியும். தெரியாதவர் பணம் கொடுப்பவர் மட்டுமே.

வோல்ட்டோடு பொய் முடிவதில்லை. பற்றரியின் கொள்ளளவான அம்பியர்-மணியிலும் இதே கூத்துத்தான். இந்த அளவுக் கலம் ஒன்று, நல்ல தயாரிப்பாயினும், பொதுவாக ஏறத்தாழ 3.5 அம்பியர்-மணிக்கு மேற் கொள்வதில்லை. ட்ரில் போன்று மின்னை வேகமாக உறிஞ்சும் கருவிகளுக்கான கலங்கள் அதனினும் குறைவாகவே கொள்ளும். ஐந்து கலங்களை ஒற்றை வரிசையாக வைத்துவிட்டு, மேலே 6 என்றும் 15 என்றும் எழுதுவதற்கு எத்தனை துணிச்சல் வேண்டும்!

பெரிய கம்பனிகள் இவ்விடயத்தில் முற்றிலும் பரிசுத்தமானவை என்று நான் சொல்ல வரவில்லை. ஐரோப்பாவில் 18 வோல்ட் என விற்கப்படும் டிவோல்ட் கம்பனியின் பற்றரி, அமெரிக்காவில் ‘20 வோல்ட் மெக்ஸ்’ எனப் பெயர் பெறுகிறது. கலங்கள் அதே ஐந்துதான்; ஒன்று சராசரி, மற்றது உச்சம். இதுவும் வாங்குபவரை மயக்கும் வித்தையே. ஆயினும் அங்கு கணக்கு ஒன்று இருக்கிறது. 88க்கு எந்தக் கணக்கும் இல்லை. பிளெக் அன்ட் டெக்கர் நிறுவனம் 1961இல் பற்றரி ட்ரில்லை அறிமுகம் செய்தது. பத்தே ஆண்டுகளில், 1971இல், அப்பலோ 15 விண்வெளி வீரர்கள் பற்றரியில் இயங்கும் ட்ரில்லால் நிலவின் தரையைத் துளைத்தார்கள். அத்தகைய கருவி எமது ஊருக்கு வந்து சேரும்போது ஸ்டிக்கர் வியாபாரமாகச் சீரழிந்திருக்கிறது.

“மலிவாகக் கேட்கிறார்கள், மலிவானதைக் கொடுக்கிறோம், வருடத்தில் நாலு ஓட்டை போடுகிறவருக்கு இது போதாதா?” என்று கடைக்காரர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். மலிவான பொருளை விற்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. அதனை 18 வோல்ட் என்று சொல்லி விற்கட்டும். ஒரே மெசினுக்கு மூன்று இலக்கங்களை ஒட்டி மூன்று விலை வாங்குவதற்கு மலிவு ஒரு சாட்டாகுமா? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையைத் தடை செய்திருக்கிறது. அரிசி விலைக்கும் காலாவதித் திகதிக்கும் கடைகளைச் சோதனையிடும் அதிகாரிகள், ஒரு மல்டிமீற்றரையும் கையில் எடுத்து வந்தாலென்ன?

இதனை நான் இத்தனை வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26இல் இலங்கையில் மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, மருதமுனைக் கரைகளில் அதன் பின்னர் எழுந்த கல்வீடுகள் இருபது ஆண்டுகளைக் கடந்துவிட்டன. உப்புக்காற்றில் பிணைச்சல்கள் துருவேறுகின்றன, கதவுகள் இறங்குகின்றன, பிள்ளைகள் வளர, அறைகளும் கூடுகின்றன. திருத்த வேலை இல்லாத வீடே இல்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நீண்டபோது, வயரில்லாத மெசின் தொழிலாளியின் கண்ணுக்கு வரமாகத் தெரிந்ததிலும் வியப்பில்லை. புதிதாகத் தொழிலுக்கு இறங்கும் இளம் ஓடாவிகள் கடன்பட்டு இவற்றை வாங்குகிறார்கள். கொந்தராத்து எடுத்த வேலையில் இரண்டாம் நாளே பற்றரி படுத்துவிட்டால், நட்டம் கடைக்காரருக்கில்லை. அந்த இளைஞன் மறுபடி கடன்படுகிறான்.

ஆகவே வாங்கப் போகிறவர்களுக்கு என் அபிப்பிராயத்தைப் பச்சையாகவே சொல்லிவிடுகிறேன். வருடத்தில் நாலு துளை போடுகிறவருக்குப் பற்றரி மெசினே வேண்டாம். அதே காசுக்கு நல்ல வயர் மெசின் கிடைக்கும். அது பல வருடங்கள் உழைக்கும். அலுமாரி பூட்டுவது, கூரையில் ஏறி ஆணி முறுக்குவது போன்ற வேலை அடிக்கடி உள்ளவருக்குத்தான் பற்றரி பொருத்தம். கொங்கிறீட் துளைக்க வேண்டுமாயின், வோல்ட்டைக் கேளாமல், எஸ்.டி.எஸ். துளையாணி பூட்டும் ரோட்டரி ஹேமரா என்று கேளுங்கள். உள்ளிருக்கும் பிஸ்டன் காற்றழுத்தத்தால் அடிக்கும் வகை அது. சாதாரண ஹேமர் ட்ரில் சீமெந்துக் கல்லோடு நின்றுவிடும். வோல்ட்டையும் அம்பியர்-மணியையும் பெருக்கினால் வருவது வாற்-மணி. பற்றரியில் உள்ள சக்தியின் அளவு அதுதான். அந்த இலக்கம் அச்சிடப்படாத பற்றரியை நான் தொடமாட்டேன். இன்னொன்று: ஒரு கம்பனியின் பற்றரி இன்னொன்றின் மெசினுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. பொஷ் கம்பனியின் பச்சை நிற மெசினுக்குரிய 18 வோல்ட் பற்றரி, அதே கம்பனியின் நீல நிற மெசினுக்குக்கூடப் பொருந்தாது. முதல் மெசினை வாங்கும்போதே, அடுத்த பத்து வருடத்துக்கு எந்தப் பற்றரியோடு வாழப் போகிறோம் என்பதையும் தீர்மானிக்கிறோம்.

கட்டார், துபாய், லண்டன், ரொறன்ரோ என்று பரந்து வாழும் நம்மவர்கள் விடுமுறைக்கு வரும்போது மச்சானுக்கென்று மெசின் கொண்டுவருவதுண்டு. கனடாவிலிருந்து வருவோர் சார்ஜரின் அடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 120 வோல்ட் மட்டும் என்றிருந்தால், எமது 230 வோல்ட் மின்சாரத்தில் அது கருகிப்போகும். பிளக்கை மாற்றினாலும் பயனில்லை. உதிரிப் பற்றரியைப் பொதிக்குள் போடலாகாது, கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும். 100 வாற்-மணி வரை தடையில்லை. 160 வரை விமானக் கம்பனியின் அனுமதி வேண்டும். அதற்கு மேற்பட்டதைப் பயணிகள் கொண்டுவர முடியாது. நேர்மையான 18 வோல்ட், 5 அம்பியர்-மணிப் பற்றரி 90 வாற்-மணி, தாராளமாக ஏறலாம். அயலவர் வாங்கிய மெசினின் பற்றரியில் 88 வோல்ட், 6 அம்பியர்-மணி என்றிருந்தது. ஸ்டிக்கரை நம்பினால் அது 528 வாற்-மணி. எந்த விமானத்திலும் இடமில்லை. அந்தப் பற்றரியை ஓடாவி மூடி, ஆணிகளைப் பூட்டிக் கொடுத்துவிட்டார். கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டாராம். மூடியைத் திறந்தால் உத்தரவாதம் செல்லாதாம்.